அம்மாவும் படுத்துவிட்டால் யார் கஞ்சி வைப்பது?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊரடங்கு போட்டபோது வெள்ளவத்தையில் அரிசிக்கும் பருப்புக்கும் ஆட்கள் அடிபட்டது இன்னும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு 2022இல் காஸ், பெற்றோல், பால்மா என்று வரிசையில் நின்றே பழகிவிட்டோம். அதனால் கொழும்பில் யாரிடமாவது "பெரிய இன்ஃபுளுவென்சா ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால், உடனே அலுமாரியைத் திறந்து காட்டுவார்கள்: டின்மீன், சோயா, சமபோஷ, கையிருப்பில் இன்னொரு சிலிண்டர். சாமான் சேர்ப்பதில் நாங்கள் டிப்ளோமா முடித்த ஆட்கள். ஆனால் இந்த வருத்தத்துக்கு அலுமாரி மட்டும் காணாது.

ஏன் என்றால் இன்ஃபுளுவென்சாவுக்குப் பொறுமை இல்லை. கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டே நாளில், ஆளைப் படுக்க வைத்துவிடும். அதிலும் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பக்கத்தில் இருப்பவருக்குப் பரவத் தொடங்கிவிடும். பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டு வந்தால் வார முடிவுக்குள் முழு வீடும் பாயில். சாதாரண தடிமன் இல்லை இது, எழும்பிக் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டிவரும். அலுமாரி நிறைய அரிசி இருக்கும், அடுப்பை மூட்ட ஆள் இருக்காது.

1918இல் இந்த வருத்தம் இலங்கைக்குள் வந்தது கொழும்புத் துறைமுகம் வழியாகவும், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்துபோன தலைமன்னார் வழியாகவும். இறந்தவர்கள் சுமார் 3 இலட்சம் என்று பின்னாளில் செய்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அந்தக் காலத்தில் முழு நாட்டின் சனத்தொகையே 50 இலட்சத்துக்குக் கீழே. உலகம் முழுக்க அந்தக் கொள்ளைநோய் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக அடித்தது 20 முதல் 40 வயதுக்காரரை. 2009இல் வந்த எச்1என்1 அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் அதுவும் இளம் ஆட்களையும் குறிப்பாகக் கர்ப்பிணிகளையும் கஷ்டப்படுத்தியது. "வயதானவர்களைப் பார்த்துக்கொண்டால் சரி" என்ற கணக்கு அடுத்த முறையும் பிழையாகலாம். வீட்டை ஓட்டுகிற ஆளே படுத்துவிடும் நாளுக்குத்தான் ஆயத்தம் வேண்டும், எங்கள் வீடுகளில் அது அநேகமாக அம்மாதான்.

அம்மாவின் தலைக்குள் இருப்பதை ஒரு தாளில் இறக்கி எழுதுங்கள். அப்பாவின் பிரஷர் குளிசை எது, இரவுக் குளிசை எது, கிளினிக் கொப்பி எந்த லாச்சியில், காஸுக்கு யாருக்கு அடிப்பது, தண்ணீர் மோட்டர் சுவிட்ச் எங்கே, வங்கி அட்டை எங்கே. சிரிக்காதீர்கள். எங்கள் மாடியில் தனியாக இருக்கும் ஒரு அன்ரியின் மருந்துப் பெட்டியை ஒருநாள் பார்த்தேன், பழைய பிஸ்கட் டின். உள்ளே எல்லாம் பார்மசியில் கத்தரிக்கோலால் ஐந்து ஐந்தாக வெட்டிக் கொடுத்த துண்டுகள், பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. வெள்ளை வட்டம் காலை, வெள்ளை நீளம் இரவு என்று அவவுக்கு மட்டும் தெரியும். அவவுக்கு 103 காய்ச்சல் அடிக்கும்போது அந்த டின்னைத் திறக்கும் ஆளுக்கு என்ன தெரியப்போகிறது? வாங்கும்போதே பெயரும் அளவும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு உணவு, ஒரு மாதத்துக்கு வழக்கமான மருந்து, பனடோல், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), வேலை செய்கிற தேர்மோமீற்றர், முகக்கவசம், சவர்க்காரம். சமைக்காமல் சாப்பிடக்கூடியது கொஞ்சம் இருக்கட்டும். கொரோனா காலத்தில் வாங்கிய ஒட்சிமீற்றரின் பற்றரியை மாற்றுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதம், ஆனால் வைரஸுக்கு அது மருந்து என்று மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கொழும்புக்காரருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: டெங்கு. வேறு நாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்தால் "காய்ச்சலா, வீட்டிலேயே ஓய்வெடு" என்றுதான் இருக்கும். இங்கே இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்க முடியாது. இருமலும் மூக்கு ஒழுகலும் இருந்தால் இன்ஃபுளுவென்சா பக்கம் சாயலாம், ஆனால் அதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். எதுவென்று தெரியும்வரை பனடோல் மட்டும்தான். அஸ்பிரின், ஐபியூபுரோஃபன், டைக்குளோஃபெனக் எதுவும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். இன்ஃபுளுவென்சாவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சு வாங்கினால், ஒட்சிமீற்றரில் ஒட்சிசன் 94க்குக் கீழே இறங்கினால், ஆள் குழம்பிக் கதைத்தால், பிள்ளை சலம் போவது குறைந்தால், அல்லது காய்ச்சல் விட்டுச் சுகமாகி வந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சலும் இருமலும் ஏறினால் (அது நியுமோனியாவாக இருக்கலாம்) காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

"நோயாளிக்குத் தனி அறை, தனிக் குளியலறை" என்று எழுதுபவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத் தோட்டங்களுக்குள் (நெருக்கமான சேரிக் குடியிருப்புகள்) ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர், பொதுக் குழாய், பொது மலசலகூடம். அங்கே செய்யக்கூடியது ஜன்னலைத் திறப்பது, முகக்கவசம், தலைமாடு கால்மாடாகப் படுப்பது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு யாராவது அந்தக் கிழமைச் சாப்பாட்டைப் பொறுப்பெடுப்பது. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதே கதைதான். காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு என்று இப்போதே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அவர் பனடோல் போட்டுக்கொண்டு வருவார், வந்து உங்களுக்கே சமைப்பார்.

எங்கள் அடுக்குமாடிகளில் பாதி வீட்டுப் பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். "அம்மா போன் எடுக்கவில்லை, யாராவது போய்ப் பார்ப்பீர்களா" என்று நடுச்சாமத்தில் மெசேஜ் வரும், யாருக்கு வரும் என்பதே அதிர்ஷ்டம். இதை அதிர்ஷ்டத்தில் விடாமல், ஒவ்வொரு தனி ஆளுக்கும் ஒரு பக்கத்து வீட்டை முன்கூட்டியே பொருத்துங்கள். காலையில் ஒரு கோல், கதவடியில் ஒரு போத்தல் கஞ்சி, மேலதிகச் சாவி ஒன்று. அந்தப் பக்கத்து வீடும் படுத்துவிடும் என்பதால் இரண்டாவது வீடு ஒன்றும் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை வந்து சுகமானவர்கள் அந்த அலையில் பெறுமதியான ஆட்கள், அவர்களை ஓடியாட விடலாம்.

மாடிக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்தால் லிஃப்ட் திருத்தும் சண்டைக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும், பரவாயில்லை, எடுங்கள். ஒரே ஒரு விஷயம்: யாருக்கு எந்த வீடு என்று எழுதும் பட்டியலை வாசலில் ஒட்டாதீர்கள், எந்தக் கதவுக்குப் பின்னால் வயதான ஆள் தனியாக இருக்கிறார் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. செயலாளரிடம் ஒரு பிரதி, வேறு மாடியில் ஒருவரிடம் இன்னொன்று.