அயோவாவில் ஒரு கோடை

ஜூன் 3
மற்ற மாநிலங்களின் பள்ளி மைதானங்கள் ஓய்ந்துவிட்ட பிறகும் அயோவாவில் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கோடை முழுவதும் நடக்கிறது. சோளக்காட்டை ஒட்டிய மைதானத்தில் இளம் வீரர்களைத் தேடி அலையும் ஸ்கவுட்டான நான் இன்று கண்டவன் 17 வயது இடக்கைப் பிட்சர், அதாவது பந்தெறிபவன். பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவி மணிக்கு 89 மைல் காட்டியது. அது பெரிய வேகமில்லை. ஆனால் கையை விட்டு நீங்கும் கணம் வரை பந்து உடலுக்குப் பின்னாலேயே மறைந்திருந்ததால், பேட்டர்கள் ஒவ்வொரு முறையும் காலம் தாழ்த்தியே மட்டையை வீசினார்கள்.

ஜூன் 4
உறக்கமில்லை.

ஜூன் 9
கருவியை உயர்த்தினால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே 92, 93 என்று எறிகிறான். முன்கால் அவசரமாகத் திறந்துகொள்ள, முழங்கை தாழ்ந்து பின்தங்குகிறது. ஐந்தாவது இன்னிங்ஸில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு மூன்றாம் பேஸ் பக்கமாக நகர்ந்து நின்றேன். இரண்டு பேட்டர்களுக்குள் பழைய சீரான வீச்சு திரும்பிவிட்டது. இதை யாரிடம் சொல்வேன்?

ஜூன் 10
திரும்பும் வழியில் வான் மீட்டர் ஊரில் வண்டியை நிறுத்தினேன். புகழ்பெற்ற பிட்சர் பாப் ஃபெல்லரின் ஊர். தந்தை தம் பண்ணை நிலத்திலேயே மகனுக்கு மைதானம் அமைத்துக் கொடுத்தார். 1935-இல் கிளீவ்லாந்து அணிக்காக ஆள் தேடிய சை ஸ்லாப்னிக்கா அந்த 16 வயதுப் பையனை ஒரு டாலருக்கும் கையெழுத்திட்ட ஒரு பந்துக்கும் ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு, தான் தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே 15 பேரை அவன் வெளியேற்றினான். ஸ்லாப்னிக்காவின் கையில் ரேடார் கருவி இல்லை, கண் மட்டுமே இருந்தது.

ஜூன் 17
வலைக்குப் பின்னால் இன்று ஏழு ஸ்கவுட்டுகள், ஏழு கருவிகள். 94 தொட்டான். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் வழிகாட்டு நெறி இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 105 பந்துகளை எல்லையாக வைத்திருக்க, பயிற்சியாளர் அவனை 118 வரை எறியவிட்டார். 110-ஆவது பந்துக்குப் பிறகு அவன் இடக்கையை இருமுறை உதறியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு 94 என்றுதான் முதலில் எழுதினேன்.

ஜூன் 18
முன்பு நான் பார்த்த இன்னொரு பையனின் முழங்கை மீண்டும் நினைவுக்கு வருகிறது. அவனைப் பரிந்துரைத்தவன் நான். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் மேஜர் லீக் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்த அறுவை சிகிச்சையைத்தான் அவனுக்கும் செய்தார்கள்: கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணைப் பொருத்துவது. டாமி ஜான் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆடினார். என் பையன் திரும்பவில்லை.

ஜூன் 20
மூன்றே நாளில் மறுபடியும் இடக்கைப் பையனைப் பந்தெறியும் மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நெறிப்படி 80 பந்துகளைத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். கோபத்தில் கை நடுங்குகிறது.

ஜூன் 26
அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பணம் எவ்வளவு கிடைக்கும் என்று தந்தை கேட்டார். தாய் கேட்டது ஒன்றுதான்: “அவன் இரவில் கைக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டு தூங்குவது சரிதானா?”

ஜூலை 2
அறிக்கையை அனுப்பினேன். ஸ்கவுட்டுகள் திறனை மதிப்பிடும் 20-லிருந்து 80 வரையுள்ள அளவுகோலில் வேகப்பந்துக்கு இன்று 45, நாளை 60. கருவியைக் கண்டால் வீச்சு கெடுகிறது என்பதையும், முதல் ஆண்டில் அவனை வேகத்துக்காகத் துரத்தக் கூடாது என்பதையும் தனிப் பத்தியாக எழுதினேன். அவன் மதிப்பை அது குறைக்கக்கூடும். ஆயினும் நீக்கவில்லை.

ஜூலை 7
மழை. ஆட்டம் ரத்து. அவன் கைக்கு இன்னும் ஒரு நாள்.