ஓட்டன் கிடைத்தது ஒற்றிப் பத்திரத்தில்

அப்பா இறந்த மறுவருடம், ஆடி அமாவாசையன்று பாபநாசம் படித்துறையில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தபோது, புரோகிதர் தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், முப்பாட்டனார் பெயர் என்று வரிசையாகக் கேட்டார். முதல் இரண்டையும் சொல்லிவிட்டு மூன்றாவதில் நின்றுவிட்டேன். தெரியாவிட்டால் பரவாயில்லை என்று அவர் மேலே சொல்லத் தொடங்கிவிட்டார். அவருக்கு அன்று என்னைப் போல நூறு பேர். அந்த ஒரு பெயரைத் தேடித் தொடங்கிய அலைச்சல் நான்கு ஆண்டுகள் நீண்டு, ஏறத்தாழ 1770களில் பிறந்திருக்கக்கூடிய ஒருவர் வரை என்னைக் கொண்டு சேர்த்தது. எங்கள் முன்னோர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களைக் காட்டிக்கொடுத்தவை ஒரு கடன், ஒரு பங்காளிச் சண்டை, சாலையோரத்தில் வைத்த ஒரு பானைத் தண்ணீர் ஆகியவைதாம்.

முப்பாட்டனார் பெயர் எந்த அலுவலகத்திலும் கிடைக்கவில்லை, அத்தையிடம் கிடைத்தது. "உங்க பெரியப்பாவுக்குத்தானே எங்க தாத்தா பேரு விட்டிருக்கு" என்று அத்தை சர்வ சாதாரணமாகச் சொன்னார். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர், இரண்டாமவனுக்குத் தாயைப் பெற்றவரின் பெயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், எங்கள் ஆச்சி தம் மூத்த பிள்ளையை வாழ்நாள் முழுக்கப் "பெரியவன்" என்றே கூப்பிட்டிருக்கிறார். வீடும் ஊரும் அதையே பிடித்துக்கொண்டன. பெரியப்பாவின் உண்மைப் பெயர் பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் அட்டையிலும் மட்டும் இருந்தது. அதுதான் என் பூட்டனுடைய, அதாவது முப்பாட்டனாருடைய, பெயரும். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று என்று படித்திருந்தும், அதை ஒரு தேடுகருவியாக நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவற்றைத் தாங்கியவர்கள் இன்றும் வீட்டில் இருக்கிறார்கள்.

அத்தைக்குத் தெரிந்தது அத்துடன் முடிந்துவிட்டது. அப்பாவின் தகரப் பெட்டியில், தாத்தா 1954இல் ஊர் நிலத்தை விற்ற கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்று இருந்தது. சொத்து தமக்கு எப்படி வந்தது என்று விற்பவர் சொல்லும் பகுதியில், "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்ற தொடரை அடுத்து, 1923ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றின் எண்ணும், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தன. பத்திரங்களைச் சொத்துக்காக மட்டுமே வாசித்துப் பழகியவர்கள் இந்த முன்ஆவணக் குறிப்பைக் கடந்து போய்விடுவார்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் ஏணியின் அடுத்த படி. மதராஸ் மாகாணத்தில் பத்திரப் பதிவு முறை 1865இல் நடைமுறைக்கு வந்தது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகம் நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டியது. எண்ணும் ஆண்டும் அலுவலகமும் தெரிந்தால் நகல் கேட்டு மனுப் போட்டு வாங்கிவிடலாம். எண் தெரியாவிட்டால்தான் தொல்லை. அப்போது பெயர் அட்டவணையில் ஆண்டு ஆண்டாகத் தேட வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவு என்று தேடல் கட்டணமும் கட்ட வேண்டும்.

எண் கையில் இருந்தும் எனக்கு எளிதாக முடியவில்லை. பதிவு எல்லைகள் காலப்போக்கில் மாற்றி அமைக்கப்படுவதால், இன்று எங்கள் ஊர் சேர்ந்திருக்கும் அலுவலகத்தில் 1923ஆம் ஆண்டுப் புத்தகம் இல்லை. மாவட்டமே 1986இல் ஒருமுறையும் 2019இல் ஒருமுறையும் பிரிந்த பகுதி இது. ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு தொகுதியே இல்லை என்றார்கள்; இன்னோர் அலுவலகத்தில் அது இருந்தது, ஆனால் ஓரங்களைச் செல்லரித்திருந்தது. மூன்றாவது முறை போனபோது ஒரு வயதான எழுத்தர், யாரும் கேட்காமலே, தொகுதியின் சணல் கயிற்றை அவிழ்த்து மேசைமேல் விரித்து, பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அந்த 1923ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் என் பூட்டனும் அவருடைய பங்காளிகளும் கையெழுத்திட்டிருந்தார்கள். பூட்டனின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. வழக்கப்படியே அது என் தாத்தாவின் பெயர்தான். சொத்து விவரத்தின் நடுவே, "1886ஆம் வருஷத்திய ஒற்றி மீட்கப்பட்ட" நஞ்சை என்று ஒரு வரி வந்தது. ஒற்றி என்றால் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது. எண் இல்லை. இம்முறை பெயர் அட்டவணையில்தான் தேடினேன். ஒரே ஆண்டு என்பதால் செலவு பெரிதாக இல்லை.

இந்த ஒற்றிப் பத்திரத்தை வாசிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. ஒளிநகல் எந்திரம் வருவதற்கு முந்தைய பதிவுப் புத்தகங்களில் இருப்பது மூலப் பத்திரம் அன்று, அலுவலக எழுத்தர் பார்த்து எழுதிய படி. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் வரிக்கு வரி வரும். இந்த மேற்படிதான் மிக மோசமானது: "௸யார்" என்று வரும்போது அது பத்திரம் எழுதிக்கொடுப்பவரா, வாங்குபவரா, அவருடைய தகப்பனாரா என்பதை மேலே மூன்று வரி ஏறிப் போய்த்தான் முடிவு செய்ய வேண்டும். நான் முதல் வாசிப்பில் கடன் கொடுத்தவரின் தகப்பனாரை என் குடும்பத்தில் சேர்த்துவிட்டு, ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

தேதியும் ஒரு புதிர்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு எழுதுவது வழக்கம். எங்கள் பத்திரத்தில் கொல்லம் 1062, விய வருஷம், ஆவணி மாதம் என்று இருந்தது. அந்தப் பகுதியில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து ஆங்கில ஆண்டு முடியும் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆகவே இது 1886. விய வருஷம் என்று மட்டும் இருந்திருந்தால் அது 1826ஆகவும் இருக்கலாம், 1946ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுற்றை மட்டும் நம்பி ஒரு தலைமுறையையோ இரண்டையோ தவறவிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நிலத்தின் அளவு ஏக்கரில் மட்டுமல்லாமல், எவ்வளவு விதை பிடிக்கும் என்று சொல்லும் கோட்டை, மரக்கால் என்ற விதைப்பாட்டுக் கணக்கிலும் இருந்தது.

அதை எழுதிக்கொடுத்தவர் ஒரு பெண். என் ஓட்டன், அதாவது பூட்டனின் தகப்பனார், அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவருடைய விதவை, "மைனர் குமாரர்கள் இருவருக்கும் கார்டியனும் மாதாவுமான" என்ற அடைமொழியோடு, புருஷனுடைய கிரியைச் செலவுக்காகவும் அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காகவும் நஞ்சையை ஒற்றி வைக்கிறார். கடைசியில், அவர் பெயரும், எழுதத் தெரியாதவர் கீறல் இட்டதைக் குறிக்கும் "தற்குறி" என்ற சொல்லும், அவருக்காக மேலெழுத்துப் போட்டவரின் பெயரும் இருந்தன. எங்கள் வம்சத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பழைய பெண்பெயர் அது. கணவர் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்து, பிள்ளைகள் தலையெடுத்திருந்தால், அந்த அம்மையாரின் பெயர் எந்தத் தாளிலும் ஏறியிருக்காது. அவருக்கு முன்னும் பின்னும் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களில், தாத்தா காலம் வரை, வேறு ஒருவருடைய பெயரையும் நான் காணவில்லை.

சொத்தின் நான்கெல்லையைச் சொல்லும் இடத்தில் இன்னொன்று காத்திருந்தது. "என் புருஷன் வகை தண்ணீர்ப்பந்தல் தர்ம இனாம் புஞ்சைக்கு மேற்கு" என்று அந்த வரி ஓடியது. தண்ணீர்ப்பந்தல் என்று ஒன்று எங்களுக்கு இருந்ததாக வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வழிப்போக்கருக்குக் கோடையில் தண்ணீரும் மோரும் கொடுக்கும் தர்மத்துக்காக வரியில்லா நிலமோ வரி குறைந்த நிலமோ விடுவது பழைய வழக்கம். இப்படிப்பட்ட இனாம்களையெல்லாம் விசாரித்து உறுதிசெய்ய மதராஸ் மாகாணத்தில் 1858இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. அது ஊர் ஊராக விசாரித்து எழுதியதுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்தர். கோயில் நில வழக்கு நடத்துகிறவர்களுக்கும் வக்கீல் குமாஸ்தாக்களுக்கும் 'ஐ.எஃப்.ஆர்.' என்றால் உடனே தெரியும். குடும்பம் தேடுகிறவர்கள் அங்கே போவது அபூர்வம். அந்தப் பதிவேடுகளின் நகலைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். 1909இல் எழுந்த சிவப்புக் கட்டடம் அது. கிராமத்தின் பெயரோடு, அன்று அது எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதையும் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைய தாலுகாவை எழுதினால் கிடைக்காது.

நகல் வந்தது. ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில், இரு பக்கங்களுக்கு விரியும் கட்டங்கள்: இனாமின் வகை, பரப்பு, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு. பசலி 1273 என்று போட்டிருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. மதராஸ் கணக்கில் பசலி ஜூலையில் தொடங்குவதால் அது 1863-64. அனுபவிப்பவர் கட்டத்தில் என் பூட்டனின் பெயர் இருந்தது, வயது 38. பூட்டனோ 1886இல் மைனர். ஆகவே இது அவருடைய தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். முதலில் பெற்றவர் என்ற கட்டத்திலும் அதே பெயர்! எழுத்தர் தவறாக இருமுறை எழுதிவிட்டார் என்று முதலில் எரிச்சலடைந்தேன். உறவுக் கட்டத்தில் 'பேரன்' என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையாக மூன்று முறை வந்திருக்கிறது, நான்காவது முறையாக எங்கள் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இனாமைக் கொடுத்தவர் யார் என்ற இடத்தில் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஆனால் பெயர் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. ஒரு கிராமத்தில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பத்துக் குடும்பங்களில் அதே பெயர் இருக்கும். 1863இல் அனுபவித்தவருக்கும் என் ஓட்டனுக்கும் இடையிலான உறவை வேறு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னது சண்டை. பங்காளி வீட்டு அண்ணாச்சி ஒருவர், பல முறை தட்டிக்கழித்த பிறகு, ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து வைத்தார். அதில் 1911ஆம் ஆண்டில் முன்சீப் கோர்ட்டில் நடந்த பாக வழக்கின் பிராதுப் படி இருந்தது. பாக வழக்கென்றால் பிராதோடு வம்சாவளி அட்டவணை இணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்க முடியாது. அந்த அட்டவணையின் உச்சியில் 1863ஆம் ஆண்டுக்காரர் இருந்தார். அவருக்குக் கீழே என் ஓட்டன். அவருக்குக் கீழே பூட்டன்.

இருந்தாலும் வழக்குக்காக வரையப்பட்ட மரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒற்றிப் பத்திரத்தில் மைனர் குமாரர்கள் இருவர். வாதி தரப்பு அட்டவணையில் ஓட்டனுக்கு ஒரே மகன். இரண்டாவது பையன் இறந்திருக்கலாம், அல்லது பங்கைக் குறைப்பதற்காக விடப்பட்டிருக்கலாம். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போன ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள் என்று அத்தை பிறகு நினைவுகூர்ந்தார். அந்தக் கிளையை நான் என் வரைபடத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

தண்ணீர்ப்பந்தல் புஞ்சை இன்று எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் எளிதாக முடிந்த வேலை. 1963ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய நிலங்கள் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களாகிவிட்டன. 1979க்கும் 1987க்கும் இடையே நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்களும் மாறின. ஆனால் கிராமத்தின் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்குத் தனிக் கட்டம் இருப்பதால், வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துப் புதிய எண்ணைப் பிடித்துவிட்டேன். நிலம் இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது, அதில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. பழைய தாள்களோடு ஒருவர் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஊரில் யாருக்கும் வேறு எண்ணம்தான் வரும். இந்த நான்கு ஆண்டுகளில் பலர் என்னிடம் வாய் திறக்காததற்கு அதுவே காரணம். சொத்துக்கு வரவில்லை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

சென்ற ஆண்டு அம்மா வழியில் தேடத் தொடங்கினேன். அவர்களுக்கு நிலம் இருந்ததில்லை, குத்தகைக்கு உழுதவர்கள். பத்திரம் இல்லை, இனாம் இல்லை, கோர்ட்டுக்குப் போக வழியும் இல்லை. அப்பா வழியில் ஏழு தலைமுறையைக் காட்டிய அதே அலுவலகங்களில், அதே ஆற்றின் தண்ணீரைக் குடித்த இன்னொரு குடும்பத்துக்கு ஒரு வரிகூட இல்லை. கிராம இறப்புப் பதிவேட்டில் ஒருவர் கிடைத்தார்: வயது "சுமார் 60", காரணம் "ஜுரம்". அவர் நம்மவர்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு அம்மாவின் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தபோது, வரி பிரிக்கும் பெரியவரிடம் பழைய தலைக்கட்டு வரி நோட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இரண்டு நோட்டுகள் இருந்தன. பழையதில், 1931ஆம் ஆண்டுக் கொடைக்கான பட்டியலில், இருபத்து மூன்றாவது தலைக்கட்டாக அம்மாவின் தாத்தா பெயர் இருந்தது. அதற்கு நேரே, ஒரு ரூபாய் வரியில் பன்னிரண்டு அணா வரவு, நாலணா பாக்கி.