ஜேனியின் கூந்தலைச் சிவப்புப் பென்சிலால் பின்தொடர்ந்தேன்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலை மூன்றாவது முறையாக எடுத்தேன். முன்பு இரண்டு முறையும் கதைக்காகப் படித்தது. இந்த முறை குறியீடுகளை மட்டும் பார்ப்பது என்று நான்கு கலர் பென்சில் வைத்துக்கொண்டேன். பேரிக்காய் மரத்துக்குப் பச்சை, கோவேறு கழுதைக்குப் பழுப்பு, தொடுவானத்துக்கு நீலம், நாயகி ஜேனியின் கூந்தலுக்குச் சிவப்பு.

முதல் வாரம் பச்சைதான் அதிகம் ஓடியது. பதினாறு வயதில் ஜேனி பூத்துக் குலுங்கும் மரத்தடியில் படுத்துக்கொண்டு, ஒரு தேனீ பூவுக்குள் நுழைவதைப் பார்க்கிறாள். கல்யாணம் என்றால் இதுதான் என்று அவள் மனசில் பதிந்துவிடுகிறது. இந்த நாவலைப் பற்றி யார் பேசினாலும் அந்த மரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அடிமையாகப் பிறந்த பாட்டி நானிக்குத் தெரிந்தது வேறு. கறுப்பினப் பெண்தான் இந்த உலகத்தின் கோவேறு கழுதை என்கிறாள் அவள். அந்த வரியில் பழுப்பை அழுத்திக் கோடு போட்டேன்.

அந்தக் கோடு எங்கே போகும் என்று அப்போது தெரியவில்லை. பாட்டி பார்த்துக் கட்டிவைத்த லோகன் கில்லிக்ஸுக்கு அறுபது ஏக்கர் நிலம். அவன் ஒருநாள் இரண்டாவது கழுதை வாங்கக் கிளம்புகிறான், பெண்ணும் ஓட்டக்கூடிய சாதுவான ஒன்றை. ஏர் பிடிக்கப் போவது ஜேனி. பாட்டி சொன்னது உவமையாக நிற்கவில்லை, வயலுக்கே வந்துவிட்டது! ஜேனி அவனை விட்டு நடக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து வழியோரப் புதரில் வீசிவிட்டு, பூப்பறித்துக்கொண்டே போகிறாள். அதற்கு என்னிடம் கலர் இல்லை. பக்கத்தை மடித்து வைத்தேன்.

இரண்டாவது வாரம் ஈட்டன்வில். ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே நிர்வகித்த நிஜமான ஊர். ஹர்ஸ்டன் வளர்ந்ததும் அங்கேதான். ஜேனியின் இரண்டாவது கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் அங்கே மேயர். கடையில் ஒருத்தன் அவள் பின்னல் நுனியைப் புறங்கையால் மெல்லத் தடவிப் பார்ப்பதை ஜோ கவனித்துவிடுகிறான். அன்று ராத்திரியே உத்தரவு: இனிமேல் கடையில் தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தன் பொறாமையை மட்டும் அவளிடம் சொல்லவே மாட்டான்.

இங்கேதான் என் கவனம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. ஜோ இறந்ததும் அவள் கண்ணாடி முன் நின்று துணியை உருவிக் கூந்தலை அவிழ்த்து விடுகிறாள். நன்றாகப் பார்க்கிறாள். பிறகு மறுபடி வாரிக் கட்டிக்கொண்டு, அதன் பிறகே ஜன்னலைத் திறந்து ஊராருக்குச் செய்தி சொல்கிறாள். இந்த வரிசையை இரண்டு வாசிப்பிலும் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். அவிழ்ப்பது தனக்காக, கட்டுவது ஊருக்காக. அடக்கம் முடிந்த ராத்திரி அத்தனை தலைத்துணிகளையும் எரித்துவிட்டு, மறுநாள் காலை இடுப்புக்குக் கீழே ஒற்றைப் பின்னல் ஆட வீட்டில் நடமாடுகிறாள்.

மூன்றாவது வாரம் முன்பக்கங்களுக்குத் திரும்பிச் சிவப்பை மட்டும் தேடினேன். கல்யாணமான புதிதில் லோகன் அவள் கூந்தலைத் தொட்டுத் தொட்டு வியந்திருக்கிறான். ஒரு வருஷத்துக்குள் நின்றுபோனது. பின்னாளில் அவளுக்கு மூன்றாவது கணவனாகும் டீ கேக் வந்த பிறகு, ஒரு நாள் அவள் கண்விழிக்கும்போது அவன் அவளுக்குத் தலைவாரிப் பொடுகு எடுத்துக்கொண்டிருக்கிறான். படித்ததும் நெஞ்சு இளகியது. ஆனால் அதே டீ கேக்தான் பின்னால், அவள் தனக்குச் சொந்தம் என்று காட்ட, அவளை அடிக்கிறான். அதை மறைத்துவிட்டு அவனை விடுதலையின் குறியீடு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஃபுளோரிடாவின் சதுப்புநிலப் பகுதியான எவர்கிளேட்ஸில் வரும் மிஸஸ் டர்னரோ வெள்ளைச் சாயலுக்காகவே அந்தக் கூந்தலைக் கொண்டாடுகிறாள். அந்தச் சாயல் பாட்டியை வெள்ளை எஜமான் சீரழித்ததில் வந்தது. அந்த இடத்தில் சிவப்புக்கு மேலேயே பழுப்பையும் போட்டேன்.

நேற்று கடைசி அத்தியாயம். புயல், வெறிநாய்க்கடி, துப்பாக்கி, கோர்ட் எல்லாம் முடிந்து ஜேனி தன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். தொடுவானத்தைப் பெரிய மீன்வலை மாதிரி இழுத்துத் தோளில் போட்டுக்கொள்ளும் அந்தப் பெயர்பெற்ற முடிவுக்காக நீலத்தைக் கூராக்கி வைத்திருந்தேன். அதற்குச் சற்று முன்பே சிவப்பை எடுக்க வேண்டி வந்தது. அவள் உட்கார்ந்து, கூந்தலில் படிந்த வழித்தூசியைத் தன் கையாலேயே சீவி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.