கொம்பும் காலும் புள்ளியும்: ஒரு காப்பகத் தளத்தின் வேலை நிலவரம்

இந்த வாரப் பணி அறிக்கையில் நான் எழுதியது சில வரிகள்தான். பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றுவது: பெரும்பகுதி முடிந்தது. அகரவரிசைப் பட்டியல்: முடிந்தது. தேடல்: நடக்கிறது. திட்ட மேலாளருக்கு அது போதும். கூட்டம் சீக்கிரம் முடியும், முடியவும் வேண்டும். ஆனால் அந்த வரிகளுக்குள் கிடக்கும் வேலையை யாரிடமாவது விரிவாகச் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

நின்றுபோன ஒரு தமிழ் இதழின் காப்பகத்தை வலைத்தளமாக்குகிறோம். கட்டுரைகள் எல்லாம் கோப்புகளாகவே கிடைத்தன என்பதால் தொடக்கத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு காலத்துக் கோப்பும் ஒவ்வொரு குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒவ்வொரு முறையில், இருக்கிறது. எல்லாவற்றையும் யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியாக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். சில டிஸ்கி. சில, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம். இன்னும் சில, பாமினி போல ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள். டிஸ்கியிலும் டாபிலும் ஆங்கில எழுத்துகளுக்கு அவற்றுக்குரிய இடம் அப்படியே இருக்கும்; கட்டுரையின் நடுவே ஆங்கிலப் பெயர் வந்தால் அது பிழைத்துக்கொள்ளும். பாமினி வகையில் அந்த வசதி கிடையாது. எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற குறிப்பு தொலைந்துபோனால், ஓர் ஆங்கில மேற்கோள் முழுவதும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும். அதனால் மாற்றி நிரல் எழுதுவதற்கு முன்பே, பழைய பக்கங்களின் எழுத்துருக் குறிப்புகளைச் சேகரித்துப் பாதுகாப்பதற்கு ஒரு தனி நிரல் எழுதினேன். பார்ப்பதற்கு அது ஒன்றுமில்லாத வேலை. இந்தத் திட்டத்தில் நான் செய்த வேலைகளில் மிக உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது வரிசை. பழைய குறியாக்கங்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் உச்சரிப்பு வரிசை: முதலில் மெய்யெழுத்துக்குரிய க, அப்புறம் உயிர்க்குறி. அந்த உயிர்க்குறியும் ஒரே குறியாக இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக அடுத்தடுத்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறித்தொடர்கள். இப்படி ஒரே எழுத்துக்கு உள்ள பல வடிவங்களை ஒன்றாக்க யூனிகோடே இயல்பாக்கம் என்ற வழியை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் அதிலுள்ள என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தீராதது ஔகாரம். இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் ‘ள’ போன்ற ஒரு வடிவமும் கொண்டது அந்தக் குறி. அதனால் ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்று கொம்பும் ளகரமுமாகத் தட்டியவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதைத் திருத்துகிறேன் என்று, கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக்கினால் ‘வெள்ளம்’ உடைகிறது, ‘தெளிவு’ உடைகிறது, ‘வெளியீடு’ உடைகிறது. அப்படி உடைந்த சொற்களை வலையில் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். ளகரத்தின் மேல் நிற்க வேண்டிய புள்ளியோ கொக்கியோ பக்கத்தில் ஒரு வட்டத்தின் மேல் அனாதையாக நிற்கும். எங்கள் விதி எளிமையானது: ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே. வெறும் ளகரமாக நின்றால் சந்தேகப் பட்டியலில் சேர். பட்டியலை மனிதர் பார்க்கட்டும்.

அந்த மனிதர் இதழில் நெடுங்காலம் மெய்ப்பு பார்த்த ஓர் அம்மா. அவரோடு பேசும் நேரங்களில்தான் இந்த வேலையின் பாதியைக் கற்றுக்கொள்கிறேன். ஒருமுறை, ஓர் எழுத்தாளரின் கட்டுரைகளில் ஒரே சொல் வழக்கத்துக்கு மாறான எழுத்தோடு திரும்பத் திரும்ப வருவதைக் காட்டி, “இதை நிரலிலேயே மாத்திடட்டுமாம்மா?” என்று கேட்டேன். “வேணாம் தம்பி. அவர் வேணும்னுதான் அப்படிப் போடுவார். அச்சுல என்ன வந்துச்சோ அதுவே இருக்கட்டும்” என்றார். சரிதான் என்று பட்டது. எழுதியவர் இன்று இல்லை. அவரைக் கேட்டுத் திருத்த வழியில்லை. அன்றிலிருந்து எங்கள் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு வடிவம். ஒன்று, அச்சில் வந்தபடி. வாசகர் படிப்பது அதைத்தான். இன்னொன்று, தேடலுக்காக மட்டும் சீராக்கியது. அது வெளியே தெரியாது. சேமிப்பிடம் இரண்டு மடங்கு ஆகிறதே என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஆகட்டும். உரைக்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது? ஒரு படத்துக்கு ஆகும் இடத்தில் ஓர் இதழே அடங்கும்.

முன்பக்க வேலைக்கு, அதாவது வாசகர் திரையில் காணும் பகுதிக்கு, வருகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் எந்தக் குழந்தையும் 3 என்று சொல்லும். உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கிறது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் 15 பைட். முகவரிப் பட்டையில் அதையே பைட்டுக்கு மூன்று குறியாகக் குறியேற்றம் செய்து போட்டால் 45 குறிகள். வடிவமைப்பாளர் தலைப்புக்கு 60 எழுத்து வரம்பு என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இவற்றில் எது? எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். ‘பல்’ என்பதை இரண்டாவது குறியோடு வெட்டினால் ‘பல’ ஆகிவிடுகிறது. பிழை என்று யாருக்கும் தெரியாமல் வேறு சொல்லாகவே மாறிவிடுகிறது, அதுதான் ஆபத்து.

இப்போது உலாவிகளிலேயே செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. உரையை வாசகர் எண்ணுவது போலவே துண்டு துண்டாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020இலேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. அதற்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். ‘தமிழ்’ என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகத் தருகிறது. ‘க்ஷ’ மட்டும் இரண்டாகப் பிரிகிறது. அதற்கு ஒரு சின்ன விதி சேர்த்துக்கொண்டோம். ‘ஸ்ரீ’ வேறு ரகம். முதல் எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தேடல் வடிவத்தில் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம்.

அகரவரிசை வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கினால் நகரத்துக்குப் பக்கத்தில் னகரமும், ரகரத்துக்குப் பக்கத்தில் றகரமும் வந்துவிடும். புள்ளிக்குரிய எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் ‘அகம்’ முதலிலும் ‘அக்கா’ பிறகும் வரும். தமிழ் அகராதியில் இது தலைகீழ்: மெய் முன்னால், உயிர்மெய் பின்னால். சொற்களை மொழிக்கேற்ப அடுக்கித் தரும் கொலேட்டர் என்ற வசதியிடம் மொழி தமிழ் என்று சொன்னாலே இதெல்லாம் சரியாகிவிடுகிறது. யாரோ சிலர் உட்கார்ந்து அந்த விதிகளை யூனிகோடின் பொதுத் தரவில் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் பட்டியல் சரியாக விழுந்த அன்று மாலை முழுவதும் அவர்கள் நினைவாகவே இருந்தது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு பழைய பதிப்பாக இருந்தால் மட்டும் கவனம் தேவை. 13ஆம் பதிப்பில்தான் எல்லா மொழிகளின் தரவும் இயல்பாகவே உள்ளே வரத் தொடங்கியது.

என் நிரலைச் சரிபார்க்கும் சக ஊழியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தொடக்கத்தில் அதைக் குறையாக நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. “இந்த டெஸ்ட் ஏன் இருக்கிறது, இது தவறினால் வாசகருக்கு என்ன ஆகும்?” என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்பார். அதற்காகவே ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு மேலேயும் காரணத்தை எழுதி வைக்கிறேன். நாளை வேறு யாராவது இந்தத் தளத்தை எடுத்து நடத்தினால், அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், புள்ளியை ஏன் இவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறோம் என்பது புரியும்.

தேடல்தான் மிச்சம். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ரீஜெக்ஸில், அதாவது உரைக்குள் வடிவங்களைத் தேடும் கருவியில், ‘சொல் எழுத்து’ என்ற வகைக்குள் உயிர்க்குறியும் புள்ளியும் சேராது. அதை நம்பிச் சொற்களைப் பிரித்தால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகப் பட்டியலில் ஏறும். குறிகளையும் சேர்த்துக் கொள்ளும்படி விதியை நாமே எழுத வேண்டும். அது ஒரு வரி வேலை. பெரிய வேலை வேற்றுமை உருபுகள். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரங்களுக்கு’ எல்லாம் கிடைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கும் ஸ்டெம்மர், அதாவது உருபை வெட்டி அடிச்சொல்லைத் தரும் வசதி, இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. அச்சு அசலாகப் பொருந்துவது முதலில், ஸ்டெம்மர் தருவது அதற்குக் கீழே, எழுத்துப்பிழையோடு தேடுபவருக்கு சொற்களை மும்மூன்று குறிகளாகத் துண்டாக்கி ஒப்பிடும் தேடல் கடைசியில். இந்த வரிசையைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆள் பெயர்களின் கடைசி எழுத்துகளை உருபு என்று எண்ணி வெட்டிவிடக் கூடாதே என்பதால், கட்டுரையாளர் பெயர்களுக்கு ஸ்டெம்மரே வேண்டாம் என்று தனி அட்டவணை போட்டிருக்கிறோம்.

ஔகாரப் பட்டியலை அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒப்புதல் தந்த சொற்களைத் தொகுதி தொகுதியாக ஏற்றிவருகிறேன். அந்த வேலை அடுத்த வார அறிக்கையிலும் ‘பெரும்பகுதி முடிந்தது’ என்றுதான் இருக்கும்.