காலுறை எடுக்கப் பழகும் ரோபோ கை: இதுவரை

வீட்டு வேலைக்கு ஒரு ரோபோவைப் பழக்க வேண்டும் என்று தொடங்கி, இப்போதைக்கு ஒரே வேலையில் நிற்கிறேன்: மேசையில் கிடக்கும் காலுறையை எடுத்துக் கூடையில் போடுவது. கை, எஸ்ஓ-101. பாகங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். பிடிக்கும் விரலையும் சேர்த்து ஆறு மோட்டார். மென்பொருள், ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் லெரோபோட்.

இதில் அசைவுகளைக் கட்டளையாக எழுத வேண்டியதில்லை. இதே போன்ற இன்னொரு கையை நான் பிடித்து அசைக்க, ரோபோ அப்படியே செய்கிறது. கேமராப் படமும் மூட்டுகளின் நிலையும் நொடிக்கு 30 முறை பதிவாகின்றன. இந்தப் பதிவுகளைப் பார்த்துப் பழகி, பிறகு கையைத் தானே இயக்கும் நிரல்தான் மாடல். பதிவின்போது கையைப் பார்க்காமல், திரையில் வரும் கேமராப் படத்தை மட்டும் பார்த்துச் செய்கிறேன். அதில் எனக்கே காலுறையின் ஓரம் தெரியாவிட்டால் ரோபோவுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக் காலுறைக்காக மேசையில் கறுப்புத் துணி விரித்தது இதனால்தான்.

கோப்பையை எடுக்க சீக்கிரமே பழகிவிட்டது. காலுறைதான் படுத்துகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வடிவத்தில் கிடக்கும்.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது 2023-ல் அலோஹா ரோபோவோடு வெளிவந்த ஆக்ட் முறை. அடுத்து வரும் அசைவுகளை ஒரே கொத்தாகக் கணிக்கும். லெரோபோட்டில் மாற்றாமல் விட்டால் கொத்துக்கு 100 அசைவு, அதாவது மூன்று நொடிக்கும் மேல். அதுவரை புதிய கேமராப் படத்தை மாடல் பார்ப்பதே இல்லை! காலுறை நழுவினாலும் வெறும் விரலோடு கூடை வரை போய் வரும். கொத்தில் முதல் சில அசைவுகளை மட்டும் செய்துவிட்டு மறுபடி பார்க்கும்படி மாற்றினேன். அப்புறம் பாதி வழியில் நின்றது, ஆனால் கீழே இறங்காமல் அங்கேயே தயங்கியது.

காரணம் இருக்கிறது. நழுவாத பதிவுகளை மட்டுமே பார்த்த மாடல் சற்று விலகினாலும் பழக்கமில்லாத இடத்துக்குப் போய்விடும். அங்கே எடுக்கும் முடிவு இன்னும் விலக்கும். 2011-ல் வந்த டேகர் முறை இதற்காகவே உருவானது: மாடலை ஓடவிட்டு, அது போய்ச் சேரும் இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று காட்டித் தருவது. அதையொட்டி, காலுறையை வேண்டுமென்றே நழுவவிட்டு மறுபடி எடுப்பதையும் பதிவு செய்து சேர்த்தேன். அடுத்த பயிற்சிக்குப் பிறகு, நழுவிய காலுறையை நோக்கிக் கை தானாக இறங்கியது. இந்த முயற்சியில் நான் அவ்வளவு மகிழ்ந்த நேரம் வேறில்லை.

சுருண்டு உருண்டையாகக் கிடந்தால் இன்னும் திணறுகிறது. மணிக்கட்டில் இரண்டாவது கேமரா வைத்தால் தேறலாம். ஆனால் அதற்குப் பதிவுகளை எல்லாம் புதிதாக எடுக்க வேண்டும். அதற்கு முன், கூடையை இடம் மாற்றி வைத்துப் பார்க்கப் போகிறேன்.