கோழிக்காகப் போட்ட வரி

இறக்குமதி வரியைப் பேரத்துக்காக உயர்த்தும் அரசுகள், எதிர்த்தரப்பு இறங்கி வந்ததும் அதை விலக்கிக்கொள்ளலாம் என்றே சொல்கின்றன. இதை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் 1964 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 25 சதவீத டிரக் வரியின் வரலாற்றைப் படித்த எவருக்கும் அந்த நம்பிக்கை வருவது கடினம்.

அமெரிக்கப் பண்ணைகளின் மலிவான கோழி இறைச்சி அப்போது மேற்கு ஜெர்மனியில் பெருமளவில் விற்பனையானது. 1962இல் மேற்கு ஜெர்மனி உறுப்பினராக இருந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) தன் பொது வேளாண் கொள்கையின்படி கோழிக்கான வரியை உயர்த்தியதும் அந்த ஏற்றுமதி சரிந்தது. பேச்சுவார்த்தை பலிக்காமல் விவகாரம், நாடுகளுக்கிடையிலான வர்த்தக விதிகளை வகுத்த காட் (GATT) ஒப்பந்தத்தின் குழு ஒன்றிடம் போயிற்று. அமெரிக்காவின் இழப்பை அக்குழு 2.6 கோடி டாலர் என மதிப்பிட்டது. அதற்கு ஈடாக உருளைக்கிழங்கு ஸ்டார்ச், ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக் ஆகியவற்றின் மீதான வரிகளை அதிபர் ஜான்சன் உயர்த்தினார். பிராந்தி பிரான்சுக்கும், டிரக் மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கும் வைக்கப்பட்ட குறி.

ஐரோப்பா பணியவில்லை. மற்ற மூன்று பொருள்களின் மீதான கூடுதல் வரிகள் காலப்போக்கில் விலக்கப்பட்டன. டிரக் வரி மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு நாட்டைத் தனியே பிரித்து வரி விதிக்க காட் விதிகள் இடம்தராததால் அது எல்லா நாடுகளின் டிரக்குகளுக்கும் பொருந்தியது; கோழிச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத ஜப்பானிய நிறுவனங்கள் பின்னாளில் அதன் சுமையைத் தாங்கின. டெட்ராய்டின் அமெரிக்க வாகன நிறுவனங்களுக்கோ பிக்கப் டிரக் சந்தையில் போட்டியில்லாத அரண் கிடைத்தது. அந்த அரணை இழக்க விரும்பாதவர்கள் உள்நாட்டிலேயே உருவாகிவிட்ட பிறகு, வரியை விலக்கும் அதிகாரம் பேரம் பேசுகிறவரின் கையில் பெயரளவுக்குத்தான் இருக்கும். அமெரிக்க-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி தென் கொரிய டிரக்குகளுக்கு 2021இல் நீங்கியிருக்க வேண்டிய இவ்வரி, 2018இல் நடந்த மறுபேச்சில் 2041 வரை நீட்டிக்கப்பட்டது.

எதிர்த்தரப்பும் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விட்டுக்கொடுத்தாலும் வரி போகாது என்று தெரிந்தால் எந்த அரசு விட்டுக்கொடுக்கும்?

இந்த ஆபத்தை அமெரிக்க நாடாளுமன்றம் அறியாமலில்லை. பிற நாடுகளின் நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளுக்குப் பதிலடியாக, 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் விதிக்கப்படும் வரி நான்கு ஆண்டுகளில் தானாகவே காலாவதியாக வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. ஆனால் அதனால் பலன்பெறும் உள்நாட்டுத் தொழில்கள் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் அது தொடரலாம். 2018இல் சீனப் பொருள்களின் மீது விதிக்கப்பட்ட வரிகள் 2022இல் அப்படித்தான் தொடர்ந்தன. விதித்த அதிபர் பதவியிலிருந்து போய், அடுத்தவர் வந்து, 2024இல் சீன மின்வாகனங்களுக்கான வரியை 100 சதவீதமாகவும் உயர்த்தினார்.