தானே புயலில் விழுந்த பலாவும் எங்கள் கொல்லைத் திண்ணையும்

கொல்லையில் மரத்தளம் போடுவதற்காக நான் நாலு பக்கத்துக்கு வரைந்து வைத்திருந்த படத்தை ஆசாரி வாங்கிப் பார்க்கவே இல்லை. நேரே சுவரோரம் போய்க் குனிந்து, வெள்ளையடிப்பின் மேல் ஓடிய பழுப்புக் கோட்டை விரலால் தொட்டு, "தண்ணி இதுவரைக்கும் நின்னுச்சா சார்?" என்றார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையில் திறந்த நீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கி வந்தபோது பதிந்த கோடு அது. தரையிலிருந்து பதினான்கு அங்குலம். "கல்லு இதுவரைக்கும் வரட்டும். சட்டமே இதுக்கு மேலதான் உக்காரணும்" என்றார். என் படத்தில் தளத்தின் மொத்த உயரமே ஆறு அங்குலம். என்ன மரம், என்ன நிறம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு உயரம் என்ற ஒன்று தோன்றவே இல்லை.

எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் பக்கம். கடற்காற்று நேரே வரும். ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். இப்படிப்பட்ட இடத்தில் வெட்டவெளியில் மரத்தளம் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்றால், மெல்போர்னில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து. அங்கே பின்கதவைத் திறந்தால் மரத்தளம். மெர்பாவ் என்ற மரத்தின் செம்பழுப்புப் பலகை. காலைக் காபி முழுக்க அங்கேதான். ஊருக்கு வந்து அம்மாவிடம் அதை விளக்கியபோது, "பலகைத் திண்ணைன்னு சொல்லேன்டா, அதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அதன் பெயர் திண்ணைதான்.

முதலில் புதுச்சேரி மரக்கடைகளில் ஒரு சுற்று. தேக்கு விலை கேட்டதும் அடுத்த கடைக்கு நகர்ந்தேன். அளவுக் கணக்கு மட்டும் அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டேன். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில்; மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. பத்தடி நீளம், ஆறு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பலகை 0.625 கன அடி. எங்கள் திண்ணை 12-க்கு 10 அடி. ஒன்றேகால் அங்குலப் பலகை போட்டால் பன்னிரண்டரை கன அடி, சேதாரத்தோடு பதினைந்து. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால், கடைக்காரர் பேசும் விதமே மாறிவிடுகிறது.

அடுத்து மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூபிசி பலகை. கரையான் அரிக்காது, பாலிஷ் வேண்டாம், கழுவினால் போதும் என்று விற்பனைப் பையன் அடுக்கினான். ஏறக்குறைய முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். நல்ல வேளை, ஒரு முழத் துண்டு மாதிரிக்குத் தந்தான். அதோடு வேப்பம்பலகை ஒன்று, பனம்பலகை ஒன்று, கடப்பைக் கல் ஒன்று, எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வரிசையாகப் போட்டு வைத்தேன். அக்னி நட்சத்திரம், மதியம் இரண்டு மணி. வெறுங்காலோடு ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தேன். கடப்பை சுடும் என்று தெரியும், சுட்டது. அடர்பழுப்பு டபிள்யூபிசியும் அதற்கு இளைத்ததில்லை. மூன்று எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். வேம்பில் நிற்க முடிந்தது. பனையிலும் நிற்க முடிந்தது, ஆனால் உள்ளங்காலில் ஒரு சிலாம்பு ஏறி, மனைவி ஊசி வைத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. "இந்த வயசுல வெயில்ல நின்னு என்ன ஆராய்ச்சியோ" என்ற பேச்சும் சேர்த்து. என்னைக் கேட்டால், புதிதாகப் போடுகிறவர்கள் இந்த ஒரு ஆராய்ச்சியையாவது செய்து பார்க்க வேண்டும். வெளிர்நிறப் பலகை இவ்வளவு சுடாதாம்; அதைத் தேடும் பொறுமை எனக்கு இல்லை.

சவுக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கடலோரம் முழுக்கச் சவுக்குத்தோப்பு, விலையும் மலிவு. சாரத்துக்கும் பந்தலுக்கும் சரி. மண்ணைத் தொட்டால் கரையான் விடாது, வெயிலில் வெடிக்கும். அதோடு அந்த யோசனை முடிந்தது.

பலா வந்தது அம்மாவால். பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் மாமாவிடம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் திண்ணையைச் சொல்ல, "மாட்டுக்கொட்டாய் பரண்ல பலாப் பலகை கெடக்குதே, மாப்ளைய வந்து பாக்கச் சொல்லு" என்றாராம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது, பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மாமா தோப்பிலும் அப்படித்தான். சாய்ந்ததில் பெரும்பகுதியைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, அவருடைய அப்பா வைத்த மூன்று மரங்களை மட்டும் மனசு வராமல் சாமில்லில் அறுத்துப் பரணில் ஏற்றியிருந்தார். பதிமூன்று வருடம் நிழலில் காய்ந்த மரம். கடையில் எங்கே போய்க் கேட்பது?

ஆசாரி கூட வந்தார். பலகையைத் தட்டினார், முகர்ந்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பலாவில் நடுவிலுள்ள மஞ்சள் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது; சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிதான் உளுத்துப் போகும். எங்கள் பலகைகளிலும் ஓரம் மாவாகக் கொட்டியது. அதையெல்லாம் அறுத்துத் தள்ளியபின் நாலு அங்குல அகலம்தான் ஒழுங்காகத் தேறியது. "மிருதங்கத்துக்குத் தேடிட்டு வர்ற மரம் சார், நீங்க மிதிக்கப் போறீங்க" என்றார் ஆசாரி. பண்ருட்டிப் பலாவுக்கு மிருதங்கம் செய்கிறவர்களிடம் நல்ல பேர் உண்டு. கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. மாமாவோ காசு வாங்க மறுத்து, தோப்பில் வைக்கப் பத்துப் பலாக்கன்று மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

மேல்பலகை முடிந்தது. அடியில் என்ன என்பதுதான் பெரிய வேலை. இரும்புச் சதுரக்குழாயில் சட்டம் அடிக்கலாம், ஜிஐ என்ற துத்தநாகப் பூச்சு இருக்கிறது, துருப்பிடிக்காது என்று ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னார்கள். ஆனால் வெல்டிங் வைக்கும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும். உப்புக்காற்று முதலில் கடிப்பதும் அங்கேதான். இதை நம்பி மாடியில் போட்ட துணிக்கொடிக் கம்பம் முதல் மழைக்காலத்திலேயே மூட்டில் மூட்டில் பழுத்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் வேலிக்கு நடும் கருங்கல் கால்கள் பன்னிரண்டு வாங்கினோம். மூன்றரை அடிக் கல். மண்ணுக்குள் 28 அங்குலம், மேலே சுவர்க்கோட்டின் மட்டம் வரை பதினான்கு. கல்லைக் கரையானும் தின்னாது, உப்பும் தின்னாது.

கல்லின் மேல் பனஞ்சட்டம். இரண்டு தெரு தள்ளி ஓட்டுவீடு ஒன்றைப் பிரித்தார்கள், அதன் கூரையில் இருந்த பழைய வைரப்பனை வாரைகள். தமிழ்நாட்டில் இப்போது பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால் பிரித்த வீட்டு மரம்தான் நிம்மதி. காலில் சிலாம்பு ஏற்றிய அதே பனை, காலடிக்குக் கீழே போனபின் அருமையான மரம். துளை போடாமல் ஆணி இறங்காது. ஐந்து டிரில் பிட்டு உடைந்தது. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டம். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் தார் ஷீட்டை நறுக்கி ஒட்டினார் ஆசாரி. பலகை இடுக்கில் இறங்கும் தண்ணீர் சட்டத்தின் மேல் தங்கித்தான் மக்க வைக்குமாம். அதற்கு முன்பே சட்டங்களுக்கு முந்திரித் தோட்டு எண்ணெய் பூசியிருந்தோம். மரப்படகுக்குப் பூசுகிற அதே எண்ணெய், கரையானுக்கு எமன். கையுறை இல்லாமல் தொட்ட கையாள் தம்பிக்கு விரலெல்லாம் கொப்பளித்துவிட்டது. முன்பே எச்சரிக்காதது என் தப்பு.

ஸ்க்ரூவில் ஒரு பாடம். இருபத்தெட்டு வரிசைப் பலகை, பத்துச் சட்டம், ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு: 560 ஸ்க்ரூ. "காந்தம் ஒட்டலைன்னா அசல் எஸ்எஸ்" என்று கடையில் காட்டினார்கள். எஸ்எஸ் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதைவிடத் துருவைத் தாங்கும் ரகமான 304 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்கினேன். கடலோரத்துக்கு 316 இன்னும் நல்லது, 560-க்கு என் பை இடம் கொடுக்கவில்லை. பலகைக்குப் பலகை கால் அங்குலம் இடைவெளி, வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி. சுவர் வழியே கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

பாதிப் பலகை அடித்தபின் மனைவி டீயோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "செப்டிக் டேங்க் மூடி எங்கங்க?" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் நாலு பக்கப் படத்தில் செடித்தொட்டி கூட இருந்தது, அது இல்லை. அரை நாள் கழற்றி, மூன்றடிச் சதுரத்தில் தனியே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பகுதி செய்தார்கள். பாம்பு வந்து படுக்கும் என்று அம்மா சொன்னதால் பக்கங்களை வலை மட்டும் போட்டு மூடினோம்; காற்றும் போகும், டார்ச் அடித்தால் அந்தக் கடைசி வரை தெரியும்.

ஐப்பசி மழையில் பலகையிலிருந்து மஞ்சள் சாறு இறங்கிச் சிமென்ட் தரையெல்லாம் கறை. பலா அப்படித்தான், அந்தக் காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றிய மரம். நாலைந்து மழைக்குப் பின் குறைந்தது. இரண்டு பலகை ஓரம் தூக்கியிருக்கிறது, தை பிறந்ததும் ஆசாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உயரம் கூடியதால் ஒரு லாபம். முன்பு பின்வாசலிலிருந்து கொல்லைக்கு நாலு படி இறங்க வேண்டும், அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதில்லை. இப்போது அரையடி இறங்கினால் திண்ணை. காலையில் ஏழு மணிக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். போடுவது சரியாக அந்தத் தூக்குப்பலகையின் மேல், முருங்கை நிழல் விழும் ஒரே இடம் அதுதான். செப்டிக் டேங்க் லாரி வரும் நாளில் அவரை எழுப்பப் போவது யார் என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.